சிசிலிக்கு ஒரு அட்டவணை

சுற்றுலாவுக்கு ஆயத்தப்படுத்துகிற மற்ற ஆட்கள் முதலில் எதைப் பார்ப்பார்களோ தெரியாது. நாங்கள் முதலில் பார்த்தது படிக்கட்டு. இத்தாலியின் தெற்குக் கரையில் இருக்கிற ஊர்களை ஒவ்வொன்றாகக் கணினியில் திறந்து, கூகுளின் வீதிப்படத்துக்குள் இறங்கி, எங்கே எத்தனை படி, பிடித்து ஏறக் கைபிடி இருக்கா, இடையில் இருந்து ஆற ஒரு வாங்கு இருக்கா என்று எழுதிக்கொண்டு போனோம். அம்மம்மாவுக்கு 78 வயது. வீட்டு வாசற்படி மூன்றையும் ஏறவே ஒருக்கால் நின்று மூச்சு வாங்குவா.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். மூத்தவ கலைப்பீடத்தில் வரலாறு. சின்னவ ஏ.எல். எழுதிவிட்டு முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தா. எழுதுவது மூத்தவதான், ஆனால் இந்தப் பயணத்தில் ஒருவர் தனியாகச் செய்தது என்று ஒன்றுமில்லை. ஒரே மடிக்கணினி, ஒரே மேசை, கரண்ட் போனால் ஒரே ஹொட்ஸ்பொட். அதனால் இங்கே முழுக்க 'நாங்கள்'தான்.

ஏன் இத்தாலி? மாமா 1999இல் லண்டனுக்குப் போனவர். அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அவருடைய கதை, அதை அவர்தான் எழுதவேணும். அம்மம்மாவை லண்டனுக்குக் கூப்பிட இரண்டு தரம் விண்ணப்பித்து இரண்டு தரமும் இல்லை என்று வந்தது. பெரியம்மா இருப்பது சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில். 2014இல் ஒருக்கால் வந்துபோனா. பிறகு வேலை, பிறகு கொரோனா, பிறகு முழங்கால். போன ஐப்பசியில் முழங்காலுக்கு ஒப்பரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தபடி வட்ஸ்அப்பில் "அம்மா வந்து ஒரு ரசம் வைச்சுத் தந்தால் எழும்பிடுவன்" என்று சொன்னா. பகிடியாகத்தான் சொன்னா. ஆனால் அடுத்த நாள் மாமா குழுமத்தில் ஒரு குரல்பதிவு போட்டார்: "அம்மாவ இத்தாலிக்குக் கூப்பிடுவம். நாங்களும் அங்க வாறம். எல்லாரும் ஒரு இடத்தில சந்திப்பம், ஈஸ்டர் லீவுக்கு."

மகனைத் தாய் காண்பதற்கு இரண்டு பேருக்குமே ஊரில்லாத மூன்றாவது நாடொன்று தேவைப்பட்டது. அதைக் குடும்பச் சுற்றுலா என்று நாங்கள் பெயர் வைத்தோம். பெயர் வைத்தபிறகு அது உண்மையிலேயே சுற்றுலா மாதிரி ஆகத் தொடங்கியதுதான் விசேசம்.

நாட்காட்டி முதலில் இடம் கொடுத்தது. 2025இல் சித்திரைப் புத்தாண்டு 14ஆம் திகதி திங்கள், பெரிய வெள்ளி 18, ஈஸ்டர் 20. லண்டன் மச்சான் மச்சாளுக்குப் பள்ளிக்கூட லீவு இரண்டு கிழமை. இத்தாலியில் பள்ளிக்கூடங்கள் ஈஸ்டரை ஒட்டி ஆறேழு நாள்தான் பூட்டும். பெரியம்மாவின் மகன், எங்களுக்கு அண்ணா, ஒரு ஹொட்டேலில் வேலை. ஈஸ்டர் என்றால் அவருக்குத்தான் கூட வேலை. ஆக 10ஆம் திகதியிலிருந்து 24ஆம் திகதி வரை என்று கோடு போட்டோம். புத்தாண்டும் அதற்குள், ஈஸ்டரும் அதற்குள்.

கோடு போட்டவுடன் எல்லாருக்கும் ஒவ்வொரு ஆசை. லண்டன் மச்சாள் அமல்ஃபிக் கரையின் படங்களை அனுப்பத் தொடங்கினா. நாப்போலிக்குத் தெற்கே, மலை அப்படியே கடலுக்குள் இறங்குகிற இடம். பொசித்தானோ என்ற ஊரில் வீடுகள் எல்லாம் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்கும். படத்தில் பார்க்க வடிவு. வீதிப்படத்துக்குள் இறங்கிப் பார்த்தால் ஊரே ஒரு படிக்கட்டு. அறை வாடகையைப் பார்த்த மாமா தானே "அது வேண்டாம்" என்று குரல்பதிவு போட்டார். மச்சான் புலியாவைச் சொன்னார்: இத்தாலியைச் சப்பாத்து என்றால் அதன் குதிக்கால். அது எங்களுக்கும் பிடித்தது. நிலம் சமதரை, ஒலிவ் தோட்டம், ஒஸ்தூனி என்று மேட்டில் ஒரு வெள்ளை ஊர், அல்பெரோபெல்லோவில் சாந்தில்லாமல் கல்லை அடுக்கிக் கூம்புக் கூரை போட்ட வீடுகள். பாரி நகரத்தின் பழைய தெருவில் பெண்கள் வாசலில் மேசை போட்டு, மாவைப் பெருவிரலால் அழுத்திக் காது வடிவத்தில் பாஸ்தா செய்து காயவைக்கிறார்கள். எங்கள் ஊரில் வாசலில் ஒடியல் காயப்போடுகிற மாதிரி. ஆனால் பெரியம்மா ஒப்பரேஷன் செய்த காலோடு பலெர்மோவிலிருந்து அவ்வளவு தூரம் வர ஏலாது. போவது அவவைப் பார்க்க. அந்த ஒன்றை எல்லாரும் ஒரு கிழமை மறந்துபோனோம். கடைசியில் அம்மாதான் அடுப்படியிலிருந்து கேட்டா: "அப்ப அக்கா வரமாட்டாவோ?"

சிசிலி என்று முடிவானது அப்படி.

பெரியப்பா 1989இல் இத்தாலிக்கு வந்தவர், ஜேர்மனிக்குப் போகிற வழியில். அடுத்த வருசம் 'மர்த்தெல்லி சட்டம்' என்று ஒன்று வந்தது. 1989 முடிவதற்குள் நாட்டுக்குள் இருந்த வெளிநாட்டவர்கள் பதிந்து வதிவிட அனுமதி எடுக்கலாம் என்றது. பெரியப்பாவுக்குச் சில மாதங்களால் சரிவந்தது. பலெர்மோவில் பெரிய வீடுகளில் துப்புரவு, சமையல், வயதானவர்களைப் பார்க்கிறது என்று எங்கட ஆட்களுக்கு வேலை இருந்தது. ஒரு ஆள் இன்னொரு ஆளைக் கூப்பிட, சில ஆயிரம் தமிழர் அந்த நகரத்தில் வேர்விட்டார்கள். பெரியம்மா 1993இல் போய்ச் சேர்ந்தா. முப்பது வருசத்தில் அவவுக்குப் பலெர்மோவில் தெரிந்த இடங்கள்: வேலைசெய்த மூன்று வீடு, பலரோ சந்தை, ஆஸ்பத்திரி, மலையில் இருக்கிற ரொசாலியா கோயில். "மிச்சத்த நீங்கள் வந்து எனக்குக் காட்டுங்கோ" என்றா.

அட்டவணை அங்கேதான் தொடங்கியது. கூகுள் சீற்றில் பத்து நிரல்: நாள், இடம், பஸ், எத்தனை மணித்தியாலம், படி, கழிப்பறை, சைவச் சாப்பாடு, நுழைவுக் காசு, மழை பெய்தால் என்ன செய்வது, கடைசியாக 'ஆர் கேட்டது'. அந்தக் கடைசி நிரலைச் சேர்த்தது சின்னவ. சண்டை வந்தால் பார்க்கலாம் என்று.

ரோம் வரைக்கும் விமானம். அதற்குப் பிறகு ரயில் என்று நாங்கள்தான் அடம்பிடித்தோம். ரோமில் இரவு ஏறினால் விடிய மெசினா நீரிணைக்கு வரும். அங்கே பாலம் இல்லை. ரயில் பெட்டிகளைக் கழற்றி, தண்டவாளம் பூட்டிய கப்பலுக்குள் தள்ளி ஏற்றி, அக்கரையில் இறக்கி, மறுபடி கொழுவிக்கொண்டு போவார்கள். ஆட்கள் இறங்கவே தேவையில்லை. இதைச் சொன்னபோது அம்மம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து இருந்தா. அவவின் தகப்பன் யாவாரத்துக்குத் தலைமன்னாரால் தனுஷ்கோடிக்குப் போய் வந்தவர். இங்கே ரயிலால் இறங்கி, கப்பலில் ஏறி, அங்கே மற்ற ரயில் பிடிக்கவேணும். 1964 புயலோடு தனுஷ்கோடி போயிற்று. "எங்கட ஐயாவுக்கு இதச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார், ரயில் கப்பலுக்குள்ள போகுமோ எண்டு" என்று சொல்லி, அன்றிலிருந்து ஒரு மாதம் வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் கப்பலுக்குள் ரயில் போகிற கதைதான். மகனைப் பார்க்கப் போவதைச் சொல்லமாட்டா. ரயிலைச் சொல்லுவா.

சுற்றுலாத் தளங்கள் சித்திரை மாதச் சிசிலியை வசந்தம் என்று புகழும். பகலில் 20 பாகைக்குக் கிட்ட. எங்களுக்கு அது நுவரெலியா. கடல் 15, 16 பாகைதான், கால் நனைக்கலாம், அவ்வளவே. தோடம்பழ மரங்கள் பூக்கிற காலம். தெரு முழுக்க வாசம் வரும் என்று பெரியம்மா சொன்னா. மொந்தெல்லோ கடற்கரைக்கு நகரத்திலிருந்து 806ஆம் இலக்க பஸ். அம்மம்மாவுக்கு வாங்கிய ஸ்வெற்றர் இரண்டு, காலுறை ஆறு சோடி, இதெல்லாம் சீற்றில் வேறு பக்கம்.

வரலாறு படிக்கிற ஆள் இருக்கிறபடியால் அட்டவணையில் பழைய கட்டடங்கள் அளவுக்கு மீறி இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறோம். பலெர்மோ அரண்மனைச் சிற்றாலயத்தை ஒட்டி ஒரு கல்வெட்டு. நோர்மன் அரசன் ரொஜர் 1142இல் செய்வித்த நீர்க்கடிகாரத்தைப் பற்றியது. இலத்தீன், கிரேக்கம், அரபு என்று மூன்று மொழியில். எங்களுக்கு மும்மொழி என்றால் தமிழ் எழுத்தை உடைத்து எழுதிய பெயர்ப்பலகைதான் ஞாபகம் வரும். எண்ணூற்றிச் சொச்சம் வருசத்துக்கு முதல் அடுத்தவன் மொழியைப் பிழையில்லாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்களே என்று கொஞ்சம் பொறாமை வந்தது. சிராக்குசாவில் பேராலயம் கிரேக்கக் கோயிலொன்றின் தூண்களை அப்படியே சுவருக்குள் வைத்துக் கட்டியது. 2,400 வருசத்துக்கு மேற்பட்ட அத்தேனா கோயில், பிறகு தேவாலயம், இடையில் பள்ளிவாசல், மறுபடி தேவாலயம். தூண்களை இடிக்கவில்லை, இடையில் சுவர்தான் எழுப்பினார்கள். இதைப் பார்க்காமல் வரக்கூடாது என்று சிவப்பில் எழுதினோம். 'ஆர் கேட்டது' நிரலில் சின்னவ 'அக்கா, வேற ஆர்' என்று போட்டிருந்தா.

சாப்பாட்டு நிரல் அவவுடையது. கடலைமாவைக் கூழாகக் கிண்டி, ஆறவிட்டு, துண்டு போட்டுப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருகிற பனெல்லே: சைவம், பறவாயில்லை. சோற்றை உருட்டிப் பொரித்த அரன்சினா: உள்ளே இறைச்சியா என்று கேட்டு வாங்கவேணும். பலெர்மோவில் அது பெண்பால், அரன்சினா. தீவின் கிழக்கில் ஆண்பால், அரன்சினோ. இதற்காகச் சண்டை பிடிப்பார்களாம். வசந்தத்தில் காட்டுப் பெருஞ்சீரக இலையோடு சாளை மீன் போட்டுச் செய்கிற பாஸ்தா: மாமாவுக்கு. வெள்ளிக்கிழமை அம்மம்மாவுக்குப் பெரியம்மா வீட்டில் சோறு.

ரொசாலியாவைப் பற்றி ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத்தான் வேணும். 1624இல் பலெர்மோவில் கொள்ளைநோய். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மலைக்குகையில் தவமிருந்த ஒரு பெண்ணின் எலும்புகளைக் கண்டெடுத்து ஊர்வலமாகக் கொண்டுவந்தபின் நோய் நின்றது என்பது அந்த நகரத்தின் நம்பிக்கை. மொன்தே பெல்லெக்ரீனோ மலையில், அந்தக் குகைக்குள்ளேயே கோயில். பாறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும், அதை ஏந்தத் தகரத்தால் பீலி பிடித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறவர்களில் எங்கட ஆட்கள் கனபேர், சைவர்களும்தான். வேலை கிடைத்தாலும் நேர்த்தி, விசா வந்தாலும் நேர்த்தி. பெரியம்மா முழங்காலுக்கு வைத்த நேர்த்தியை அம்மம்மாவோடு போய்த் தீர்க்கவேணும் என்றா. அம்மம்மா அதில் ஒரு தயக்கமும் காட்டவில்லை. "குகைக்குள்ள இருக்கிற பிள்ளை, வெறுங்கையோட போகேலாது, என்ன கொண்டுபோறது?" என்று மட்டும் கேட்டா.

பெரிய வெள்ளிக்குத் திராப்பானி. அங்கே பாடுகளின் காட்சிகளைச் செதுக்கிய இருபது சிலைக் கூட்டங்களைப் பின்னேரம் தோளில் காவத் தொடங்கினால் மறுநாள்தான் இறக்குவார்கள். ஊரில் சுவாமி காவுகிற பெடியளுக்கு இது புதினமில்லை. ஆனால் முழு இரவும் காவுறது!

எல்லாரும் கேட்டது எழுதி முடிய, பெரியப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மாசி தொடக்கத்தில் ஒரு நாள், எங்களை மட்டும் கூப்பிட்டார். "பிள்ளையள், ஒரு நாள் தெற்கால போட்டு வருவமே. போர்ட்டோபாலோ எண்டு ஒரு இடம்."

பார்த்தோம். தீவின் தென்கிழக்கு மூலை, மீன்பிடித் துறைமுகம். பலெர்மோவிலிருந்து காரில் நாலு மணித்தியாலத்துக்குக் குறையாது. லண்டன் மச்சான் தேடிப்பார்த்துவிட்டு "அங்க ஒண்டும் இல்லையே, பெரிய பெரிய பீச் எல்லாம் வேற பக்கம்" என்று எழுதினார். பெரியப்பா குழுமத்தில் பதில் போடவில்லை. எங்களுக்கு மட்டும் திரும்ப எடுத்தார். அந்தக் கதையை அவர் சொன்னதிலும், பிறகு நாங்கள் வாசித்ததிலும் இருந்து எழுதுகிறோம்.

1996 நத்தார் இரவு, 26 விடிகிற நேரம், போர்ட்டோபாலோவுக்கு அங்கால கடலில் 'யோகான்' என்ற கப்பலிலிருந்து ஆட்களைச் சின்னப் படகு ஒன்றுக்கு மாற்றினார்கள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து வந்தவர்கள். காற்றும் அலையும். படகு தாங்கவில்லை. குறைந்தது 283 பேர் போய்விட்டார்கள். தப்பினவர்களைக் கப்பல்காரர்கள் கிரேக்கத்தில் இறக்கிவிட்டார்கள். அவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். நம்பினவர்கள் குறைவு, ஏனென்றால் படகும் இல்லை, உடல்களும் இல்லை. உடல்கள் வந்தன. அடுத்தடுத்த மாதங்களில் போர்ட்டோபாலோ மீனவர்களின் வலையில் வந்தன. சொன்னால் விசாரணை, படகைக் கட்டிவைப்பார்கள், தொழில் போகும். திரும்பக் கடலிலேயே போட்டார்கள். ஊர் முழுக்கத் தெரிந்தும் ஊர் வாய் திறக்கவில்லை. ஐந்தாவது வருசம், 2001இல், ஒரு மீனவர் தன் வலையில் வந்த காற்சட்டையில் இருந்த அடையாள அட்டையை வெளியில் காட்டினார். அது ஒரு தமிழ்ப் பெடியனுடையது. பத்திரிகையாளர் ஜொவானி மரியா பெல்லு அதைப் பிடித்துக்கொண்டு போய், 108 மீற்றர் ஆழத்தில் கிடந்த படகைப் படம்பிடிக்க வைத்தார். பிறகு புத்தகமும் எழுதினார்.

பெரியப்பாவோடு பலெர்மோவில் ஒரே அறையில் இருந்தவருக்கு ஒரு தம்பி. அந்த மார்கழியில் வரவேண்டியவன். எங்கட ஊர்தான். அந்தப் படகில்தான் இருந்தான் என்பதற்கு ஒரு கடுதாசியும் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். தாய் மனிசி பெரியம்மாவுக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தாவாம்: உங்க மறியல் ஒண்டில இருக்கிறானோ எண்டு ஒருக்கால் விசாரியுங்கோ. 2001இல் பேப்பரில் படகின் படம் வந்த அன்று பெரியப்பா வேலைக்குப் போகவில்லை. இருபத்தெட்டு வருசமாக அதே தீவில் இருந்தும் அந்த மூலைக்குப் போனதுமில்லை. "தனியப் போக மனம் வரேல்லை. கொத்தான் வந்தால் ஒருக்கால் போகலாம்." கொத்தான் என்றது மாமாவை அல்ல, அந்த அறை நண்பரை என்று எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் கனடாவில் தவறி மூன்று வருசம்.

அட்டவணையில் 16ஆம் திகதிக்கு எழுதினோம்: போர்ட்டோபாலோ. படி: இல்லை. நுழைவு: இல்லை. 'ஆர் கேட்டது' நிரலைச் சின்னவ வெறுமையாக விட்டா.

இனி விசா. சுருக்கமாகச் சொல்லுவம், இதை வாசிக்கிற பாதிப் பேருக்குத் தெரிந்த கதை. பெரியப்பாவின் அழைப்புக் கடிதம், அவருடைய வதிவிட அட்டை, சம்பளத் துண்டு, 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்புறுதி, அம்மாவின் வங்கிக் கணக்கு, காணி உறுதி, பிறப்பத்தாட்சி மொழிபெயர்ப்பு, கலைப்பீடத்திலிருந்து 'இவர் எங்கள் மாணவி' என்ற கடிதம். சின்னவவுக்கு அப்படிக் கடிதம் தர ஒரு இடமும் இல்லை. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, பல்கலைக்கழகம் தொடங்கவில்லை. அப்பா வரவில்லை. கடையும் கோழியும் இருந்தன, காசும் காணாது. விண்ணப்பக் காசே ஆளுக்கு 90 யூரோ, எங்கட காசில் 28,000 ரூபாய்க்குக் கிட்ட.

இரவு பஸ்ஸில் கொழும்புக்கு நாலு பேர். அம்மம்மாவின் கைரேகை கருவியில் விழவில்லை. எழுபது வருசம் தேங்காய் துருவிய விரல்கள். அந்த அலுவலகப் பிள்ளை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஆறு தரம் வைத்துப் பார்த்தா. அம்மம்மா "குறை நினையாதயுங்கோ பிள்ளை" என்று தமிழில் மன்னிப்புக் கேட்க, அந்தப் பிள்ளை சிங்களத்தில் ஏதோ ஆறுதல் சொன்னா. இரண்டு பேருக்கும் விளங்கியிருக்கும்.

பங்குனி மூன்றாம் கிழமை பாஸ்போர்ட்டுகள் வந்தன. அம்மம்மாவுக்கும் அம்மாவுக்கும் விசா. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தாள். அச்சடித்த காரணங்களில் ஒன்றுக்கு நேரே புள்ளடி: காலம் முடிய நாட்டைவிட்டு வெளியேறுவோம் என்பதில் சந்தேகம் உண்டாம்.

அன்றைக்கு நாங்கள் அழவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அழுதது இரவில். பகலில் முதல் வேலை அட்டவணையைத் திருத்துவது. எங்களை நம்பிப் போட்டதெல்லாம் ஆடியது. அம்மா தனியாக அம்மம்மாவைப் பிடித்துக்கொண்டு ரோமில் இரவு ரயில் ஏற ஏலாது. அண்ணா ரோமுக்கு வந்து விமானத்தில் கூட்டிக்கொண்டு போவதாக மாற்றினோம். ரயில் கப்பலுக்குள் போகிற வரியை அழித்தபோது அம்மம்மா பின்னால் நின்றிருக்கிறா. "அது கிடக்கட்டும் மோனை, நீங்கள் வரேக்க நாங்கள் ரயிலில போவம்." எங்களுக்கு விசா கொடுக்காதவர்கள் தப்பாக நினைத்தார்கள் என்று கூடச் சொல்லமுடியவில்லை. எங்கட வகுப்பில் படித்த பெடியளில் கனபேர் இப்போது எங்கே என்று எங்களுக்குத் தெரியும்தானே. தாளைக் கிழிக்காமல் கோப்பில் வைத்தோம். அடுத்த விண்ணப்பத்தில் 'முன்னர் மறுக்கப்பட்டதா' என்று கேட்பார்கள்.

சித்திரை 10ஆம் திகதி அவர்கள் போனார்கள். இத்தாலி எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் பின்னால். நாங்கள் மத்தியானம் சாப்பிட இருக்கும்போது அவர்கள் காலைத் தேத்தண்ணி. விமானநிலையத்தில் மாமாவும் அம்மம்மாவும் சந்தித்ததை மச்சாள் வீடியோ எடுத்து அனுப்பினா. அதைப் பற்றி இங்கே எழுதமாட்டோம். ஒன்று மட்டும்: அம்மம்மா மாமாவின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு "மயிர் எல்லாம் எங்கயடா?" என்று கேட்டா.

அட்டவணையில் இருந்த பதினான்கு நாளில் எழுதினபடி நடந்தது நாலு. மற்ற நாளெல்லாம் பெரியம்மாவின் இரண்டு அறை வீட்டில், மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாமல், பதினொரு பேர். மாமா வெங்காயம் உரிக்கிறார், அம்மம்மா கட்டிலில் இருந்தபடி அதை இப்படி வெட்டு இதை அப்படி வெட்டு என்கிறா. நாங்கள் இங்கிருந்து கத்துகிறோம்: "இண்டைக்கு செஃபலு! ரயில் பத்து மணிக்கு!" ஒருவரும் கேட்கவில்லை. கல்வெட்டைப் பார்க்கவேயில்லை. புத்தாண்டுக்குக் கைவிசேஷம் யூரோவில். மலைக்கோயிலுக்குப் போனார்கள், கொண்டுபோனது வீட்டு முற்றத்தில் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிய நந்தியாவட்டை. வாடிப்போயிருந்தாலும் அதைத்தான் வைத்தாவாம். திராப்பானிக்குப் போகவில்லை, கால் வீங்கிவிட்டது. சிராக்குசாப் பேராலயத்துக்குள் அம்மா எங்களுக்காகப் போய் ஒரு தூணைத் தொட்டுக்கொண்டு நிற்கிற படம் இருக்கிறது. கண் மூடியிருக்கிறது, ஆனால் தூண் வடிவாக விழுந்திருக்கு.

16ஆம் திகதி பின்னேரம், எங்களுக்கு இருட்டி இரவு, போர்ட்டோபாலோவிலிருந்து அழைப்பு வந்தது. காற்றுச் சத்தம், ஒன்றும் கேட்கவில்லை. அண்ணா ஃபோனைத் திருப்பிக் காட்டினார். துறைமுகத்தில் படகுகள், வலை குவித்திருந்தது. பெரியப்பா கொஞ்சம் தள்ளி, அலைதடுப்புக் கல்லுக்குக் கிட்ட, எங்களுக்கு முதுகு காட்டியபடி நிற்கிறார். கையில் பூ இருந்ததா என்று தெரியவில்லை. மாமா அம்மம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தார். அம்மம்மா ஃபோனை வாங்கிக் கிட்டக் கொண்டுவந்து, கத்தி, சொன்னா: "இஞ்ச பாருங்கோ, பருத்தித்துறை மாதிரித்தான் கிடக்கு." பிறகு அந்தப் பெடியனின் தாயின் பெயரைச் சொல்லி, "அவவுக்குச் சொல்ல ஆளில்லை" என்றா. சிக்னல் போய்விட்டது.

ஈஸ்டருக்கு அடுத்த நாள், 21ஆம் திகதி, பஸ்குவெத்தா. ஊரே கூடை கட்டிக்கொண்டு வெளியே போகிற நாள் என்று எழுதியிருந்தோம். அன்று காலையில்தான் பாப்பரசர் பிரான்சிஸ் இறந்த செய்தி. பெரியம்மா பார்க்கிற வயதான அம்மா ஃபோன் எடுத்து அழுதாவாம். இங்கே அம்மா இல்லாத வீட்டில் நாங்கள் தொலைக்காட்சியில் 2019இன் அதே திகதியை நினைவுகூருகிற பூசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமா குடும்பம் அன்று இரவு விமானம். அந்தப் பிரியாவிடைக்கு வீடியோ வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அம்மம்மா 25ஆம் திகதி வந்து இறங்கினா. மறுநாள் ஏ.எல். முடிவு வந்தது. சின்னவவுக்கும் கலைப்பீடம் கிடைக்கும் போல இருக்கு, அடுத்த தடவை அவவுக்கும் ஒரு கடிதம் இருக்கும். பையைத் திறந்து மோதிக்கா ஊர்ச் சொக்லேற் எடுத்துத் தந்தா. அது சீனியை உருக்காமல் செய்கிற வகை, பல்லில் நறநறக்கும், அதுதான் அதன் பெருமை என்று அட்டவணையில் எழுதியிருந்தோம். அம்மம்மா வாசிக்கவில்லை. "சீனி கரையேல்லை, விலை மட்டும் கூட. ஏமாத்திப்போட்டாங்கள்."

அட்டவணை இன்னும் இருக்கிறது. சிசிலிக்கு வயதானவர்களோடு போக யோசிக்கிற ஆருக்கும் தேவையென்றால் கேளுங்கோ, அனுப்பிவிடுறம். பஸ் நேரங்களைத் திரும்பப் பார்க்கவேணும். பெரியம்மா வீட்டுப் படி 54 என்று போட்டிருக்கிறோம். மாமா அம்மம்மாவைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது எண்ணினவராம், 57.